மதகடிக்குப் போகும் தம்பிகளுக்கு

லூர் போட்டு விராலும் கொடுவாவும் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று காரைக்காலில் இப்போது நிறையப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கையில் புது ராடு இருக்கிறது, செல்போனில் தாய்லாந்துக்காரன் வீடியோ இருக்கிறது. அந்த வீடியோவில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்பதை யாரும் காட்டுவதில்லை. நம் ஊரில் அதுதான் முக்கால்வாசி வேலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன்.

1. முதலில் தண்ணீர்க் கணக்கைத் தெரிந்துகொள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும், ஜனவரி 28-இல் மூடும். வழக்கம் என்றுதான் சொல்கிறேன். அணையில் தண்ணீர் இருந்தால்தான் அந்தத் தேதிக்கு மரியாதை. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, கும்பகோணத்தைக் கடந்து, அரசலாறாக நம் எல்லைக்குள் நுழையும்போது ஊரார் வயலையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. நாம் கடைமடை. புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஆண்டுக்கு 7 டி.எம்.சி. என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-இல் அப்படியே வைத்தது. தீர்ப்பில் இருக்கும் தண்ணீர் வாய்க்காலில் இருக்கிறதா என்று நீதான் போய்ப் பார்க்க வேண்டும்.

மீனுக்கும் இதே பஞ்சாங்கம்தான். ஆடியில் புதுத் தண்ணீர் வந்தால் மீன் எதிர்த்து ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வாய்க்கால் செம்மண் கரைசலாக ஓடும், விரால் வயலுக்குள் பரவிவிடும், நீ எறியும் லூரை எதுவும் பார்க்காது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் இருந்து ரீலுக்கு எண்ணெய் போடு. தை பாதிக்கு மேல் தண்ணீர் தெளியும், வயலில் இருந்த மீன் வடிந்து வாய்க்காலுக்கு இறங்கும். தை பின்பாதி, மாசி, பங்குனி முதல் பாதி. லூர்க்காரனுக்கு ஆண்டில் உள்ள நல்ல நாள் இவ்வளவுதான். மற்ற நாளில் மீன் கிடைத்தால் அது உன் அதிர்ஷ்டம்.

2. எந்த மீனுக்குப் போகிறாய் என்பதை வீட்டிலேயே முடிவு செய். காரைக்கால் முழுவதும் சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு, வடக்கு எல்லையில் நண்டலாறு என்று ஆறுகள், அவற்றில் இருந்து பிரியும் வாய்க்கால்கள், வயல் தண்ணீரை வாங்கிக்கொண்டு கிழக்கே போகும் வடிகால்கள். இத்தனையிலும் ஒரு கோடு இருக்கிறது. கடைசி ரெகுலேட்டருக்கு மேற்கே நல்ல தண்ணீர், அது விராலின் ஊர். கிழக்கே உப்பு ஏறும், அது கொடுவாவின் ஊர். விராலுக்கு எடுத்துப்போன தவளை லூரை முகத்துவாரத்தில் எறிந்து கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், கொடுவா தவளை தின்னாதா என்கிறார்கள். தின்னும். ஆனால் உப்புத் தண்ணீரில் தவளை ஏது?

காலையில் விரால், மாலையில் கொடுவா என்று ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் தொடங்கி அரசலாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே முடிக்கலாம். சைக்கிளில் போகிற தூரம்தான். சனிக்கிழமை மட்டும் திருநள்ளாற்றுப் பக்கம் வேண்டாம், வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. தர்ப்பாரண்யேசுவரர் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு நடுவில் ராடைத் தூக்கிக்கொண்டு போவதும் அழகில்லை.

3. லஸ்கரோடு பழகு. மதகில் பலகை போடுகிறவர், ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர், கரையைப் பார்க்கிறவர் அவர்தான். இன்றைக்கு எந்த வாய்க்காலுக்கு முறை, எப்போது ஷட்டரை இறக்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஷட்டரைத் திறந்த முதல் ஒரு மணி நேரம் மதகடியில் குஞ்சுமீன் நிலைகுலைந்து சுழலும், பெரிய மீன் ஓரத்தில் வந்து காத்து நிற்கும். மூடிய பிறகு தண்ணீர் மட்டம் குறையக் குறைய மீன் ஆழமான மடுவுக்கு நகரும். இந்த இரண்டு நேரமும் தெரிந்தவனுக்கு லூரின் நிறம் பற்றிய கவலை பாதி குறையும். ஷட்டரில் நீயாகக் கை வைக்காதே. ஒரு பலகையை ஒரு சாண் தூக்கினால் யாரோ ஒருவருடைய நாற்றங்கால் மூழ்கும், அல்லது காயும். மீன் பிடிக்க வந்தவன் என்று உன்னை மட்டும் திட்ட மாட்டார்கள், அடுத்த முறை என்னையும் கரையில் ஏற விடமாட்டார்கள்.

4. சாமான் குறைவாக வாங்கு. ஆறரை அல்லது ஏழு அடி ராடு ஒன்று. 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று. கொடுவாவுக்கு 20 அல்லது 30 பவுண்டு பிரெய்டு லைன், அதன் நுனியில் ஒன்றரை முழம் 40 பவுண்டு தங்கூசி நரம்பு லீடர். விராலுக்கு வெங்காயத்தாமரைக்குள் இருந்து இழுத்து எடுக்க வேண்டியிருப்பதால் 40, 50 பவுண்டு பிரெய்டாக இருக்கட்டும், அதற்கு லீடர் தேவையில்லை. ஒரே ரீல்தான் என்றால் ஸ்பூலை மட்டும் இன்னொன்று வாங்கி இரண்டு லைனையும் சுற்றி வைத்துக்கொள். மூக்கு நீண்ட குறடு, கத்தி, தண்ணீர் பாட்டில், தொப்பி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். போலராய்டு கண்ணாடி ஒன்று வாங்க முடிந்தால் வாங்கு. தண்ணீருக்குள் தெரிகிற விராலின் முதுகு அந்தக் கண்ணாடி போட்டவனுக்குத்தான் தெரியும்.

5. லூர் நான்கு போதும். பெட்டி நிறைய வைத்திருப்பவன் மாற்றிக்கொண்டே இருப்பான், எறிய மாட்டான்.

ஒன்று, உள்ளே வெற்றாக இருக்கும் ரப்பர் தவளை. அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேலே பார்த்திருக்கும், அதனால் பாசியில் மாட்டாது. மீன் கடித்தால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். வாங்கும்போது கடையிலேயே விரலால் அமுக்கிப் பார். கல் மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வா.

இரண்டு, சுழல்கிற தகடு உள்ள ஸ்பின்னர். இது பிரெஞ்சுக்காரன் சரக்கு. ஆந்த்ரே மெல்னார் என்ற பொறியாளர் 1938-இல் மெப்ஸ் கம்பெனியைத் தொடங்கி இதைச் செய்தார். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. என் சிற்றப்பா பிரான்சில் பட்டாளத்தில் இருந்துவிட்டு லீவில் வரும்போதெல்லாம் செண்ட் பாட்டிலோடு ஒரு மெப்ஸையும் கொண்டு வருவார். அதில் நான் விரால் பிடித்தபோது தெருவே நம்பவில்லை, கரண்டிக் காம்பைக் கட்டி மீன் பிடித்தான் என்று வெகுநாள் சொன்னார்கள்.

மூன்று, மடவைக்குஞ்சு வடிவத்தில், முகவாயில் ஒரு சின்னத் தகடு வைத்த மின்னோ. பின்லாந்தில் லாரி ரபாலா என்ற மீனவர் 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி முதல் மின்னோவைச் செய்தார். கூட்டத்தில் நொண்டி நீந்துகிற மீனைத்தான் வேட்டை மீன் குறிவைக்கிறது என்று ஏரியில் பார்த்துத் தெரிந்துகொண்டு, அந்த நொண்டலைத் தக்கையில் கொண்டு வந்தார். நீ ரீலைச் சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த மனிதர் பட்ட பாடெல்லாம் வீண். இரண்டு சுற்று சுற்றி நிறுத்து, ஒரு சொடுக்கு, மறுபடி நிறுத்து.

நான்கு, ஈயத் தலை வைத்த ரப்பர் மீன். இது கலங்கல் தண்ணீருக்கு, பாலத்தூண் அடிக்கு.

நிறம் கேட்பாய். தெளிந்த தண்ணீரில் வெள்ளி, கலங்கலில் கறுப்பு அல்லது பொன்நிறம். இதற்கு மேல் நிறத்தைப் பற்றிப் பேசுகிறவன் கடை வைத்திருப்பான்.

6. முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கு. உலர்ந்த நரம்பை வேகமாக இழுத்தால் உரசிச் சூடாகி அந்த இடம் வலு இழந்துவிடும். யூனி முடிச்சு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகு. பிரெய்டையும் லீடரையும் சேர்க்க இரண்டு யூனியை எதிரெதிராகப் போட்டு இழுத்தால் போதும். வீடியோவில் விரல் நான்கிலும் பின்னிப் பின்னிப் போடுகிற முடிச்சைக் கரையில், காற்றில், கொசுக்கடியில் உன்னால் போட முடியாது.

7. மும்முனை முள்ளைக் கழற்றிவிடு. மின்னோவோடு இரண்டு மும்முனை முள் வரும். அவற்றை எடுத்துவிட்டு கெட்டியான ஒற்றை முள் போடு, அதன் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கி மழுக்கு. மீன் தப்பிவிடும் என்பாய். லைனைத் தளர விடாதவனிடம் இருந்து தப்பாது. மும்முனையில் ஒரு முனை மீன் வாயிலும் இன்னொரு முனை உன் உள்ளங்கையிலும் இருக்க, நடுவில் விரால் துள்ளினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். மழுக்கிய முள் வந்த வழியே வெளியே வரும். எதிர்முள் உள்ளது ஆஸ்பத்திரியில்தான் வரும். எதுவானாலும் டி.டி. ஊசி போட்டுக்கொள்.

8. விடிவதற்கு முன்னால் கரையில் இரு, ஆனால் கரை விளிம்பில் நிற்காதே. வாய்க்கால் கரை மண் மெத்தென்று இருக்கும், நீ வைக்கிற ஒவ்வொரு அடியும் தண்ணீருக்குள் கேட்கும். இரண்டு பாகம் தள்ளி நின்று முதல் எறியை உன் காலடி ஓரத்துக்கே போடு. எல்லாரும் எதிர்க்கரைக்கு எறிகிறார்கள். விரால் பாதி நேரம் இந்தப் பக்கத்துக் கோரைக்குள்தான் கிடக்கிறது. வெயில் ஏறியபின் நிழல் தண்ணீரில் விழாதபடி சூரியனை முகத்துக்கு நேரே வைத்து நட. கண் கூசும். பழகிக்கொள்.

எறிவதற்கு முன் சும்மா நில். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றையும் குடிக்க வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை "ப்ளப்" என்று ஒரு சத்தம், தாமரை இலைகளுக்கு நடுவில் ஒரு வளையம். அங்கே மீன் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதும் அந்தச் சத்தத்தில் தெரியும். குறவை வந்தால் சின்னதாகச் சொட்டும். விரால் வந்தால் கையால் தண்ணீரை அறைந்த சத்தம்.

9. தவளையை வளையத்தின் மேலேயே போடாதே. இரண்டு மூன்று முழம் தாண்டிப் போட்டு அந்த இடத்துக்கு இழுத்து வா. வெங்காயத்தாமரை மேல் தவளை விழுந்ததும் ஒரு மூச்சு சும்மா விடு. பிறகு ராடு நுனியைக் கீழே தாழ்த்தி, மணிக்கட்டால் மட்டும் சின்னச் சின்னச் சொடுக்கு. இலை மேல் தத்தி, இலைக்கு இடையில் உள்ள சின்னத் திறப்பில் விழ வேண்டும். அந்தத் திறப்பில் நிறுத்து. பத்து எண்ணும் வரை நிறுத்து. பக்கத்து இலை லேசாக அசைந்தால் கையை ஆட்டாதே, மூச்சையும் அடக்கு. அந்த அசைவு விராலின் தோள். அடியில் வந்து நின்று தவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு துளி நடுக்கம் கொடு, அவ்வளவுதான்.

நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் தண்ணீருக்குள் சரிந்து கிடக்கும் இடத்தை விட்டுவிடாதே. விரால் உண்டு. அதற்குள் எறிந்த லூரும் நிறைய உண்டு.

10. தண்ணீர் வெடித்த உடனே இழுக்காதே. புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மீனை விடுவது இந்த இடத்தில்தான். விரால் கீழிருந்து தவளையை இலையோடு சேர்த்து அடிக்கும். சத்தத்தில் உனக்குத் தூக்கிவாரிப் போடும், கை தானாக இழுத்துவிடும். தவளை உன் முகத்துக்கு நேரே பறந்து வரும். சத்தத்துக்கு இழுக்காமல் கனத்துக்கு இழு. தவளை காணாமல் போன பிறகு லைன் மெல்ல இழுபட்டு, கையில் பாரம் தெரியும். அப்போது ராடை மேலே சொடுக்கு, ரீலின் டிராக்கை முழுதாக இறுக்கி வைத்து நிறுத்தாமல் சுற்று. விராலோடு விளையாட்டுக் காட்ட இடமில்லை. அது தலையைத் தாமரை வேருக்குள் புதைத்துவிட்டால் பின் அது உன் மீன் இல்லை.

11. தண்ணீர் மேல் செம்மண் தூவியது போலக் குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் லைனைச் சுற்றிக்கொண்டு வேறு இடம் பார். இதில் மட்டும் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

விரால் குஞ்சு சின்னதில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். நூற்றுக்கணக்கில் ஒரு கூட்டமாகத் திரண்டு, காற்றுக்காக மேலே வந்து கொதிக்கும். அடியில் ஆணும் பெண்ணும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அடிக்கும், பசிக்காக இல்லை, குஞ்சுப் பக்கம் வந்ததே என்ற கோபத்துக்காக. அதனால்தான் குஞ்சுக்கூட்டத்தைத் தேடிப் போய் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். வித்தை ஒன்றும் அதில் இல்லை, நேற்று ராடு வாங்கியவனும் பிடிக்கலாம். காவல் போன ஒரு மணி நேரத்தில் குறவையும் கெளுத்தியும் தண்ணீர்ப்பாம்பும் அந்தக் குஞ்சை முடித்துவிடும். ஒரு மீனைப் பிடிக்கிறோம் என்று ஒரு வாய்க்காலின் அடுத்த ஆண்டை எடுத்துவிடுகிறோம்.

12. உயிர்த்தவளை வேண்டாம். நம் தாத்தாக்கள் மூங்கில் கழியில் உயிர்த்தவளையை முதுகில் கோத்துத் தாமரை மேல் தத்தவிட்டுத்தான் விரால் பிடித்தார்கள். உன் ரப்பர் தவளை அதைப் பார்த்துப் படித்த பிள்ளை. ஆனால் அன்று வயல் நிறையத் தவளை இருந்தது. தவளைக்கால் ஏற்றுமதிக்காகப் பிடித்துத் தீர்த்து, வயலில் பூச்சி பெருகிய பிறகு, 1987-இல் அந்த ஏற்றுமதியையே நிறுத்த வேண்டி வந்தது.

13. பத்து மணிக்கு மேல் கரையில் உனக்கு வேலை இல்லை. வெயிலில் விரால் அடங்கும். நீ அடங்காமல் கோரைக்குள் கால் வைத்துக்கொண்டிருந்தால் அங்கே கண்ணாடி விரியன் இருக்கும். தண்ணீரில் நீந்துகிற தண்ணீர்ப்பாம்பு கடித்தால் விஷமில்லை. வரப்பில், வைக்கோலில், எலி வளைப் பக்கம் சுருண்டு கிடப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலை ஆட்டாமல் வைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குப் போ. மந்திரிப்பவரிடம் போய்விட்டு வருகிற அரை மணி நேரத்தில்தான் ஆள் போகிறது.

பாம்பை விட எனக்கு மின்கம்பியில்தான் பயம் அதிகம். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். வயலுக்கு நடுவில் பம்பு செட்டுக்குப் போகிற கம்பிகள் தொங்கிக்கொண்டு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் இடங்கள் உண்டு. எறிவதற்கு முன் தலைக்கு மேல் பார். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போ. தண்ணீரில் ஒயர் விட்டு மீன் பிடிக்கிறவனைக் கண்டால் அந்த வாய்க்காலிலேயே கால் வைக்காதே.

காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதே, எலிக்காய்ச்சல் வரும். ஷட்டர் சுவரின் பாசி பிடித்த சரிவில் நடக்காதே. நீச்சல் தெரியும் என்பவன்தான் மதகுச் சுழலில் போகிறான்.

14. மாலைக்கு ஓதம் பார்த்து அரசலாற்றுக்கு வா. பாலத்துக்குக் கிழக்கே, துறைமுகப் பக்கம் வரைக்கும் கடல் ஏறி இறங்குகிற தண்ணீர். நம் கரையில் ஏற்றவற்றம் பெரிதில்லை, ஒரு முழம், ஒன்றரை முழம். அமாவாசை, பௌர்ணமிக்கு அதிகம், அஷ்டமி நவமிக்குக் குறைவு. நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் போகும். இன்று நாலு மணிக்கு வற்றத் தொடங்கினால் நாளைக்கு ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். செல்போனில் பார்க்கலாம். ஆனால் முகத்துவாரத்தில் மணல்மேடு எப்படிக் கிடக்கிறது என்பதை வைத்து நேரம் முன்னே பின்னே ஆகும். கிளிஞ்சல்மேட்டிலோ காரைக்கால்மேட்டிலோ வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரைக் கேள். ஐயா என்று கூப்பிட்டு, காற்று எப்படி என்று கேட்டு, பிறகு தண்ணீரைப் பற்றிக் கேள். வந்ததும் மீன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எந்தத் தொழில்காரனும் சொல்ல மாட்டான்.

நிற்க வேண்டிய இடம் வடிகால் வாய். ஏற்றத்தில் மடவைக்குஞ்சும் இறாலும் சின்ன வடிகால்களுக்குள்ளும் அலையாத்தி வேர்களுக்குள்ளும் ஏறிவிடும். வற்றம் தொடங்கியதும் உள்ளே தங்க முடியாமல் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வாயில் கொடுவா நிற்கும். தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, ஓட்டம் கொண்டுவந்து தருவதைச் சாப்பிடும் சோம்பேறி அது. அதனால் உன் மின்னோ ஓட்டத்தோடு வர வேண்டும். மேலே எறிந்து, தண்ணீர் இழுக்கிற வேகத்துக்குச் சற்றே கூடுதலாகச் சுற்று. தண்ணீரை எதிர்த்து நீந்தி வருகிற மடவைக்குஞ்சு கொடுவாவுக்குச் சந்தேகம்தான் தரும். தூண் அடியில் எறிந்தால் தூணை உரசுகிற மாதிரி எறி. ஒரு முழம் தள்ளி விழுந்தால் அது எழுந்து வராது.

15. கொடுவா துள்ளும்போது ராடைத் தாழ்த்து. அடித்த உடனே மேலே வந்து, வாயைத் திறந்து, தலையை இரண்டு பக்கமும் உதறும். அப்போது லைன் விறைப்பாக நேராக இருந்தால் லூர் பறக்கும். ராடு நுனியைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிவிட்டால் அதனால் உயர எழ முடியாது. விராலுக்கு டிராக்கை இறுக்கியது போல இதற்குச் செய்யாதே, இது ஓடட்டும், தூண் பக்கம் மட்டும் விடாதே.

கரைக்கு வந்ததும் செவுளுக்குள் கை விடாதே. செவுள் மூடியின் ஓரம் சவரக்கத்தி, விரலையும் அறுக்கும் லீடரையும் அறுக்கும். கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடி, மறுகையை வயிற்றுக்குக் கீழே தாங்கு. உதட்டில் மட்டும் தொங்கவிட்டு போட்டோ எடுத்தால் பெரிய மீனின் தாடை கழன்றுவிடும்.

16. பெரிய கொடுவாவை விட்டுவிடு. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவாய், தெரியும். கொடுவா பிறக்கும்போது ஆண். சில ஆண்டு ஆணாகவே வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆக, நீ சந்தோஷமாகத் தூக்குகிற அந்தப் பெரிய மீன் அநேகமாகத் தாய். அது லட்சக்கணக்கில் முட்டை விடும், அதுவும் உப்புத் தண்ணீர் இருக்கும் முகத்துவாரத்தில்தான் விடும், நீ நிற்கிற இடத்தில். சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், சீபா என்பார்கள், 1997-இல்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவை வளர்ப்பிடத்தில் முட்டையிட வைத்தது. ஆற்றில் அது சும்மா நடக்கிறது. ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ மீன் குழம்புக்கு ருசி. அதற்கு மேல் போனால் சதை சக்கை.

விடுவதென்றால் தூக்கி எறியாதே. தலையை ஓட்டத்துக்கு எதிரே காட்டித் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நில். அதுவாக உன் கையை உதறிப் போகும் வரைக்கும் நில்.

17. அடுத்தவன் சாமானைத் தொடாதே. மதகுக் கண்ணில் பறி வைத்திருப்பார்கள், அதற்கு மேலே எறியாதே. ஏலம் எடுத்த குளம், கோயில் குளம், இறால் பண்ணை இவற்றில் லூர் போடாதே. பண்ணைத் தண்ணீர் விழுகிற வாய்க்காலில் நல்ல மீன் நிற்கும். அது பொது வாய்க்கால்தானா, பண்ணைக்காரர் வெட்டியதா என்று கேட்டுவிட்டு நில். அறுந்த லைனைக் கரையில் போடாதே, கொக்கின் காலில் சுற்றும். சட்டைப் பையில் வை.

18. வாளை மாட்டினால் நல்லது, விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோகாதே. கெளுத்தியின் முள் குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வை, கடுப்பு குறையும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் திரும்ப விடாதே, அது வாய்க்காலையே தின்றுவிடும்.

19. விராலை வீட்டுக்குக் கொண்டுபோனால் அறுக்கிற வேலையை அம்மா தலையில் கட்டாதே. சாம்பல் போட்டுச் சொரசொரப்பான தரையில் தேய்த்தால்தான் அந்த வழவழப்பு போகும். மாங்காய் போட்டு, புளி குறைத்து. அடுத்த நாள் காலையில்தான் அது குழம்பு.

20. சித்திரை, வைகாசியில் வாய்க்காலுக்குப் போகாதே. மேட்டூர் மூடி, வாய்க்கால் வறண்டு, அங்கங்கே மடுவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மீதி விராலெல்லாம் அதில்தான் அடைபட்டுக் கிடக்கும். அதுவும் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, காற்றைக் குடித்துக்கொண்டு, அடுத்த தண்ணீர் வரும் வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆடியில் இந்த மீன்தான் வயலுக்கு ஏறிக் குஞ்சு பொரிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் உன்னிடம் வந்து கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். மார்க்கெட்டில் கடல் மீன் விலை ஏறும். தம்பி, ரெண்டு விரால் கிடைக்குமா, கிலோ என்ன விலையானாலும் பரவாயில்லை என்று மாமா முறைக்காரர் முதல் ஹோட்டல்காரர் வரைக்கும் கேட்பார்கள். இல்லை என்று சொல். முடியாவிட்டால், ராடு உடைந்துவிட்டது என்று சொல். கை ஊறினால் முகத்துவாரத்துக்குப் போ, கடல் ஏறுகிற தண்ணீருக்கு மேட்டூரைக் கேட்க வேண்டியதில்லை. விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் துறை ஓரத்தில் படகு நிழலுக்கு அடியில் ரப்பர் மீனைத் தரை வரைக்கும் இறக்கி, மெல்லத் தூக்கித் தூக்கி விடு. செப்பிலி நிற்கும். படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறி. கயிற்றில் மாட்டினால் அறுக்காதே, அவரைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்.